தந்தை பெயரில் கார் காப்பீடு, ஓட்டுவது மகன்: விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடைக்குமா?

புதுடெல்லி: ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்ததும் பெரும்பாலான இளைஞர்கள் முதலில் எடுப்பது வீட்டு வாசலில் நிற்கும் காரைத்தான். அதன் பதிவுச் சான்று தந்தை அல்லது தாயின் பெயரில் இருக்கும். காப்பீட்டுப் பாலிசியும் அவர் பெயரிலேயே இருக்கும். அந்தக் காரை மகனோ மகளோ ஓட்டிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால் காப்பீடு செல்லுமா? செல்லும். ஆனால் யாருக்குச் செல்லும், எந்த நிபந்தனையில் செல்லும் என்பதை அறியாமல்தான் பல குடும்பங்கள் பின்னர் தவிக்கின்றன.

பிரிட்டன் போன்ற நாடுகளில் காரை ஓட்டுபவர் யார் என்பதைப் பாலிசியில் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். இளம் ஓட்டுநர் என்றால் பிரீமியம் பன்மடங்கு உயரும். இந்தியாவில் காப்பீடு வாகனத்துக்கே உரியது. உரிமையாளர் மட்டுமின்றி, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் உள்ள, ஓட்டத் தடை விதிக்கப்படாத எவரும் ஓட்டலாம் என்பதே தனியார் கார் பாலிசிகளில் உள்ள பொதுவான விதி. எனவே மகனின் பெயரைத் தனியே சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

கட்டணத்திலும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைப் பொறுத்தவரை வயது ஒரு பொருட்டல்ல. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ.2,094, 1,500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897 என இன்ஜின் திறனை வைத்தே பிரீமியம் நிர்ணயிக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. தனி. ஆகவே இங்கு இளைஞர்களின் சிக்கல் பணத்தில் இல்லை. கையில் இருக்கும் பாலிசி தேவைப்படும் நாளில் செல்லுபடியாகுமா என்பதில்தான் இருக்கிறது.

உரிமமே அடிப்படை

பாலிசியை வலுவிழக்கச் செய்வதில் முதலிடம் உரிமத்துக்கே. பழகுநர் உரிமம் வைத்திருப்பவரும் காப்பீட்டுப் பாதுகாப்பில் ஓட்டலாம். ஆனால் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முழு உரிமம் உள்ள ஒருவர் வாகனத்தைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ இயலும் வகையில் உடன் அமர்ந்திருக்க வேண்டும். காரின் முன்னும் பின்னும் சிவப்பு நிற 'எல்' எழுத்துப் பலகை இருக்க வேண்டும். நண்பர்களுடன் இரவில் 'சும்மா ஒரு சுற்று' போய்வரும் பழகுநர் இந்த இரண்டையும் மீறுகிறார். அப்போது காரின் சேதத்துக்கான கோரிக்கையை நிராகரிக்க நிறுவனத்துக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

உரிமம் அறவே இல்லையென்றால் நிலைமை இன்னும் கடுமையானது. மோதப்பட்டவர் நிராதரவாக விடப்படக் கூடாது என்பதால், காப்பீட்டு நிறுவனம் முதலில் இழப்பீட்டைச் செலுத்திவிட்டுப் பின்னர் அத்தொகையை வாகன உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என நீதிமன்றங்கள் பல வழக்குகளில் உத்தரவிட்டுள்ளன. உச்ச நீதிமன்றம் 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் இதற்கான நெறிகளை விரிவாக வகுத்தது. 'வசூலித்துக்கொள்ளலாம்' என்ற அந்த ஒரு சொல்லின் பொருள், லட்சக்கணக்கான ரூபாய்க்கான கடன் தந்தையின் தலையில் விழுகிறது என்பதே.

ஓட்டியவர் 18 வயது நிறையாதவர் என்றால் குற்ற வழக்கும் சேர்ந்துகொள்ளும். 2019-ல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி பெற்றோர், பாதுகாவலர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டுகள் வரை சிறையும் ரூ.25,000 அபராதமும் விதிக்கப்படும். வாகனப் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. 2024 மே மாதம் புனே கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டிய சொகுசு கார் மோதி இரண்டு மென்பொருள் பொறியாளர்கள் உயிரிழந்தபோது நாடெங்கும் பேசப்பட்ட பிரிவுகளில் இதுவும் ஒன்று.

ஓட்டியவருக்கு என்ன கிடைக்கும்?

எல்லாம் சரியாக இருந்து, உரிமம் உள்ள மகன் தந்தையின் காரை ஓட்டி, தன் கவனக்குறைவால் மரத்தில் மோதிப் படுகாயமடைகிறார் என்று கொள்வோம். முழுமையான பாலிசி இருந்தால் காரைப் பழுதுபார்க்கும் செலவு கிடைக்கும். அவருக்கு?

மூன்றாம் தரப்புக் காப்பீடு அவருக்குப் பொருந்தாது. ஏனெனில் அவர் மூன்றாம் தரப்பினர் அல்லர். வாகனத்தை இரவல் பெற்று ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவராகவே கருதப்படுவார் என உச்ச நீதிமன்றம் 2009-ல் நிங்கம்மா வழக்கில் கூறியது. 2020-ல் ராம்கிலாடி வழக்கிலும் இதே நிலைப்பாட்டை மேற்கொண்டது. பாலிசியோடு கட்டாயமாக எடுக்கப்படும் ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடோ, 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்ற தகுதியில், பதிவுச் சான்றில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே உரியது. அந்தப் பெயர் தந்தையுடையது.

காரைத் தினமும் ஓட்டுபவரே அதில் மிகக் குறைந்த பாதுகாப்புடன் அமர்ந்திருக்கிறார் என்பது பாலிசி விற்கும்போது அதிகம் பேசப்படாத செய்தி. அவர் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுப்பதே இதற்கு நேரடியான வழி. காருக்கான பாலிசியிலேயே கூடுதல் பிரீமியம் செலுத்தி, பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான விபத்துக் காப்பீட்டைச் சேர்க்கும் வசதியும் உண்டு. ஆனால் அது உரிமையாளரல்லாத ஓட்டுநரையும் உள்ளடக்குகிறதா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது நல்லது.

பழைய கார் வாங்கும்போது

வேலைக்குச் சேர்ந்த ஓரிரு ஆண்டுகளில் பழைய கார் வாங்கும் இளைஞர்கள் வேறொரு இடத்தில் சிக்குகிறார்கள். கார் கைமாறும்போது மூன்றாம் தரப்புப் பாதுகாப்பு புதிய உரிமையாளருக்கு மாறியதாகச் சட்டம் கருதுகிறது. காரின் சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அவ்வாறு தானாக மாறாது. 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு விண்ணப்பித்துப் பாலிசியைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 'இன்னும் எட்டு மாதம் இன்சூரன்ஸ் இருக்கிறது' என்று விற்பவர் சொல்வதை அப்படியே நம்பி ஓட்டுபவர், பின்னர் பழுதுபார்ப்புச் செலவைத் தாமே ஏற்க நேரிடும்.

விற்பவர் ஈட்டிய 'நோ கிளைம் போனஸ்' சலுகையும் காரோடு வராது. 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை உயரும் இச்சலுகை நபருக்கு உரியது, வாகனத்துக்கு அல்ல. தந்தை உயிருடன் இருக்கையில் மகன் பெயருக்குக் காரை மாற்றினாலும் மகன் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லாத போனஸை உள்ளதாகக் காட்டிப் பிரீமியத்தைக் குறைத்துக்கொண்டால், கோரிக்கை வரும் நாளில் அதுவே மறுப்புக்குக் காரணமாகிவிடும்.

புதிய காரிலும் ஒரு குழப்பம் உண்டு. உச்ச நீதிமன்ற உத்தரவையடுத்து 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயமானது. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் பிறந்த உத்தரவு இது. ஆனால் அதனுடன் எடுக்கும் சொந்தச் சேதப் பாதுகாப்பு பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமே இருக்கும். 'மூன்று வருடத்துக்குக் கவலை இல்லை' என்று இருப்பவர்கள், முதலாண்டு முடிவில் பாதிப் பாதுகாப்பு காலாவதியானதைக் கவனிப்பதில்லை. 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸும் போய்விடும்.

தனியார் காரை வாடகைக்கு ஓட்டுவது, பந்தயத்தில் பயன்படுத்துவது, மது அருந்திவிட்டு ஓட்டுவது ஆகியவை பாலிசியின் விலக்குகளில் வருபவை. எரிவாயு கிட் பொருத்தியிருந்தால் பதிவுச் சான்றிலும் பாலிசியிலும் அதைப் பதிய வேண்டும்.

மிகக் குறைந்த விலைக்கு வாட்ஸ்ஆப்பில் வரும் பாலிசி உண்மையானதா என்பதை எம்-பரிவாஹன் செயலியில் வாகன எண்ணை உள்ளிட்டும், பாலிசி எண்ணைக் கொண்டு நிறுவனத்தின் இணையதளத்திலும் சரிபார்க்கலாம். காப்பீடின்றி ஓட்டிப் பிடிபட்டால் முதல்முறை ரூ.2,000 அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் ரூ.4,000.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துபூர்வமாகப் புகார் அளிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். அங்கு ரூ.50 லட்சம் வரையிலான புகார்கள் கட்டணமின்றி விசாரிக்கப்படுகின்றன, வழக்கறிஞரும் தேவையில்லை.