வெண்சுவரும் செவ்வோடும்

ஒரு நாட்டின் வீடுகளைக் கொண்டே அந்நாட்டு மக்களின் வரலாற்றை அறியலாம் என்பர். ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியாவில் இவ்விதியைச் சற்று எச்சரிக்கையுடன் கையாளவேண்டும். அங்கே சாந்தா பார்பாரா போன்ற நகரங்களில் வெண்சுவரும் செவ்வோடும் வளைவு வாயிலும் கொண்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் எழுந்தவை இவை எனக் காண்போர் எண்ணுதல் இயல்பே. உண்மை வேறு. இவற்றுட் பெரும்பாலானவை 1915ஆம் ஆண்டுக்குப் பின்னர், வேறிடங்களிலிருந்து வந்து குடியேறிய அமெரிக்கருக்காகக் கட்டப்பட்டவை. ஸ்பானியக் குடியேற்ற மறுமலர்ச்சிப் பாணி என இதனைக் கட்டடக் கலை வல்லோர் அழைப்பர்.

ஸ்பானியர் கட்டியவை எவை? 1769ஆம் ஆண்டில் சான் டியேகோவிலே பிரான்சிஸ்கன் துறவிகள் முதலாவது சமய நிலையத்தை நிறுவினர். 1823ஆம் ஆண்டளவில் கரையோரமாக இத்தகைய நிலையங்கள் 21 எழுந்துவிட்டன. வைக்கோல் கலந்த மண்ணை அச்சிலிட்டு வெயிலிற் காயவைத்த பச்சைக் கற்களே அவற்றின் சுவர்களுக்குப் பெரும்பாலும் பயன்பட்டன. மழை கரைக்காதிருக்கச் சுண்ணாம்பு பூசினர்; மேலே சுட்ட ஓடு வேய்ந்தனர். அக்கல்லை அறுத்தோரும் சுவரை எழுப்பியோரும் அந்நிலத்தின் பழங்குடி மக்களே. அந்நிலையங்களிற் கட்டுப்பட்டு உழைத்த அவர்களுள் பெருந்தொகையினர், வந்தேறிய நோய்களுக்கு இரையாகினர். 1821இல் அந்நாடு மெக்சிக்கோவின் பகுதியாகி, 1848இல் அமெரிக்கர் கைக்கு மாறியது. பழைய மண்சுவர்கள் பல கவனிப்பாரற்றுக் கரைந்தன.

கரைந்துபோனதைப் புதியோர் மீண்டும் விரும்பியமைக்கு ஒரு கண்காட்சி வழிகாட்டிற்று. பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டதைக் கொண்டாட 1915இல் சான் டியேகோ நகரிற் பெருங் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதன் தலைமைக் கட்டடக் கலைஞர் பேர்ட்ரம் குட்ஹியூ. மெக்சிக்கோவின் பழைய தேவாலயங்களை நேரிற் கண்டு ஆராய்ந்த அவர், சிற்ப வேலைப்பாடு செறிந்த முகப்புகளையும் வண்ண ஓடு பதித்த குவிமாடத்தையும் உயர்ந்த கோபுரத்தையும் அங்கு எழுப்பினார். கலிபோர்ணியாவின் எளிய மண் கட்டடங்கள் ஒருபோதும் கண்டிராத ஆடம்பரம் அது. எனினும் மக்கள் அதனைத் தம் நாட்டின் பழம்பெருமையாகவே ஏற்று மகிழ்ந்தனர்.

ஆடம்பரத்தை விலக்கி எளிமையைத் தேர்ந்தவர் ஜோர்ஜ் வாஷிங்டன் ஸ்மித். 1876இல் பிறந்த இவர், கட்டடக் கலையைப் பயிலத் தொடங்கிப் பொருள் முட்டினால் இடையில் நிறுத்தியவர். கடன்பத்திர வியாபாரத்தில் ஈடுபட்டுப் பொருள் ஈட்டியபின் ஓவியரானவர். சாந்தா பார்பாராவை அடுத்த மொண்டெசீற்றோவில், தென் ஸ்பெயினின் குடியானவர் வீடுகளை முன்மாதிரியாகக் கொண்டு, தமக்கென ஒரு வீட்டைக் கட்டினார். அயலார் அவரது ஓவியங்களை நாடவில்லை. அவ்வீட்டைப் போன்ற வீட்டையே நாடினர். 1930இல் மறையும்வரை அதுவே அவருக்குத் தொழிலாயிற்று.

அவ்வீடுகளின் அமைப்பு எத்தகையது? தெருவை நோக்கிய சுவரிற் சாளரங்கள் சிலவே. அவையும் ஆழப் பதிந்து, இரும்புக் கிராதி இட்டவை. அலங்காரமற்ற வெண்சுவரில் மரநிழல் வீழ்ந்து அசைவதே அலங்காரம். உள்ளே நாற்சார் அமைப்பை ஒத்த முற்றம். அதன் நடுவே சிறு நீரூற்று. முற்றத்தைச் சார்ந்து நிழல் தரும் விறாந்தை. தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை மெல்ல உட்கொண்டு இரவில் வெளிவிடும். ஆனால் 1920களில் எழுந்த வீடுகள் பலவற்றில் அச்சுவர் தோற்றத்தில் மாத்திரமே இருந்தது. மரச்சட்டத்தின்மேற் கம்பிவலை அடித்துச் சீமெந்து பூசினால் மண்சுவர்போற் காட்சியளிக்கும். குளிர்ச்சியை மாத்திரம் தராது. முற்றமும் விறாந்தையுமோ பொய் சொல்வதில்லை. எச்சுவரின் நடுவிலும் அவை தம் நிழலையும் காற்றையும் அளித்தன.

1925 யூன் 29ஆந் திகதி காலை சாந்தா பார்பாராவைப் பூகம்பம் தாக்கியது. கடைவீதி சிதைந்தது, பழைய சமய நிலையத்தின் கோபுரங்களும் சேதமுற்றன. ஸ்மித் அமைத்த "கொல்லன் இல்லம்" எனப் பொருள்படும் பெயர்கொண்ட மாளிகையிற் குடிபுகுவதற்கு உரியவர்கள் வந்தது அதே நாளில். அம்மாளிகை நிலைத்து நின்றது. நகரை மீளக் கட்டும்போது, ஒவ்வொருவரும் தத்தம் மனம்போற் கட்டாது, ஒரே பாணியைக் கைக்கொள்ள வேண்டுமென நகரப் பெரியோர் வற்புறுத்தினர். கட்டட வரைபடங்களைப் பரிசீலிக்க ஒரு சபையும் அமைந்தது. ஓராண்டு நிறைவதற்குள் அச்சபை கலைக்கப்பட்ட போதிலும் நகரின் முகம் அதற்குள் உருப்பெற்றுவிட்டது. வில்லியம் மூசரின் நிறுவனம் வரைந்த நீதிமன்ற மாளிகை 1929இல் நிறைவெய்தியது.

இப்பணியிற் பெண்களின் பங்கும் குறிப்பிடத்தக்கது. ஸ்மித்தின் அலுவலகத்தில் வரைபடக் கலைஞராகச் சேர்ந்த லூத்தா மரியா றிக்ஸ், பின்னர் தனித்துத் தொழில் நடத்திப் புகழெய்தினார். சான் டியேகோவுக்கு வடக்கே, புகையிரதக் கம்பனி ஒன்று சிலிப்பர் கட்டைகளுக்காக யூக்கலிப்டஸ் மரங்களை நட்டது. அம்மரம் அதற்கு உதவாதெனக் கண்டபின், அந்நிலம் றாஞ்சோ சாந்தா பே என்னும் குடியிருப்பாயிற்று. 1922 முதல் அதன் உருவாக்கத்திற் பெரும்பங்கு வகித்தவர் லிலியன் றைஸ். நிலத்தின் சரிவுக்கும் நின்ற மரங்களுக்கும் இணங்க வீடமைத்த அவர், 1938இற் காலமானார்.

ஆகவே இவ்வீடுகள் மெய்யா, பொய்யா? ஸ்பானியப் பொற்காலம் ஒன்றின் எச்சங்களாக அவற்றைக் கொண்டால் அது பொய். கல் அறுத்தோரின் துயரை அந்த இனிய கதை மறைத்துவிடுகிறது. வெயிலுக்கு நிழலும், அனலுக்கு முற்றமும், கண்ணுக்கு அமைதியும் தரும் உறைவிடங்களாகக் கொண்டால் அவை மெய். ஓர் ஊர் தன் பழமையைத் தேர்ந்து கட்டிக்கொள்ளலாம். அவ்வாறு தேரும்போது, சுவரின் அழகோடு அச்சுவரை முதலில் எழுப்பிய கைகளையும் நினைவிற் கொள்ளுதல் அதன் கடமையாகும்.