மசில் கார்களின் டிராக் பந்தய நேர வேறுபாடுகள்

மசில் கார் என்பது ஆற்றல் மிக்க வி8 எஞ்சின் பொருத்தப்பட்ட, பின்சக்கரங்களால் இயங்கும் அமெரிக்கக் கார் வகையாகும். 1964 மாடலாக வெளிவந்த பான்டியாக் ஜிடிஓ இவ்வகையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இக்கார்களின் உரிமையாளர்கள் பலர் எஞ்சினை மாற்றியமைத்து டிராக் பந்தயங்களில் ஓட்டுகின்றனர். ஒரே மாடலும் ஒரே குதிரைத்திறனும் கொண்ட இரு கார்கள்கூட வெவ்வேறு நேரங்களில் இலக்கை அடைவதுண்டு. எஞ்சினின் திறன் மட்டும் ஓட்டத்தைத் தீர்மானிப்பதில்லை என்பதே இதற்குக் காரணம்.

அளவிடும் முறை

டிராக் பந்தயத்தில் இரு கார்கள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு நேரான பாதையில் ஓடுகின்றன. மரபான தொலைவு கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீட்டர். முதல் 60 அடியைக் கடக்கும் நேரம், மொத்த ஓட்ட நேரம், இலக்குக் கோட்டை நெருங்கும்போதுள்ள வேகம் ஆகியவை தனித்தனியே பதிவாகின்றன.

புறப்பாடும் பிடிமானமும்

எஞ்சின் தரும் விசை முழுவதும் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு வழியாகவே காரை நகர்த்துகிறது. உராய்வின் எல்லையை மீறினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். மசில் கார்களில் கனமான எஞ்சின் முன்புறம் இருப்பதால் பின்சக்கரங்களின் மீது எடை குறைவு. புறப்படும்போது எடை பின்னோக்கி மாறுவதற்கு ஏற்றவாறு சஸ்பென்ஷன் அமைக்கப்பட்ட கார் நன்றாகப் பிடித்து ஓடும். டயரின் அகலம், ரப்பரின் மென்மை, காற்றழுத்தம், டயரின் வெப்பநிலை ஆகியவையும் பிடிமானத்தை மாற்றுகின்றன. முதல் 60 அடியில் இழந்த நேரத்தைப் பின்னர் ஈடுசெய்வது கடினம். பெரும்பாலும் அந்த இழப்பு இலக்கை அடைவதற்குள் மேலும் பெருகிவிடும்.

எடையும் கியர் விகிதமும்

திறன் மாறாதபோது, ஓட்ட நேரம் ஏறத்தாழ எடையின் கனமூலத்திற்கு நேர்விகிதத்தில் அமைகிறது. 1,600 கிலோ எடையுள்ள கார் 12 வினாடியில் ஓடுகிறது எனக் கொள்வோம். அதே திறனுள்ள மற்றொரு கார் 100 கிலோ கூடுதலாக இருந்தால் அதற்குச் சுமார் கால் வினாடி அதிகம் தேவைப்படும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் இது ஏறத்தாழ 12 மீட்டர் இடைவெளியாகும்.

பின் அச்சின் கியர் விகிதமும் முக்கியமானது. 3.08 விகிதத்திற்குப் பதிலாக 4.10 விகிதம் பொருத்தினால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தை அடையும் முறுக்குவிசை மூன்றில் ஒரு பங்கு கூடும். ஆனால் டயர் பிடிக்காவிட்டால் இந்த ஆதாயம் வீணாகும்.

காற்று

எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அடர்த்தி குறைந்தால் எரிபொருள் எரிவதும் குறையும். 2023 வரை பந்தயங்கள் நடந்த பேண்டிமியர் ஸ்பீட்வே, கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கு அருகே ஏறத்தாழ 1,770 மீட்டர் உயரத்தில் இருந்தது. அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிடச் சுமார் 16 சதவீதம் குறைவு. ஆகவே வெவ்வேறு பாதைகளில் பெற்ற நேரங்களை நேரடியாக ஒப்பிட இயலாது. ஒரே பாதையிலும் குளிர்ந்த மாலையில் கிடைக்கும் நேரம் வெப்பமான நண்பகலில் கிடைப்பதில்லை.

ஓட்டுநர்

பச்சை விளக்கு எரிந்தபின் கார் நகரத் தொடங்கும் வரையுள்ள நேரம் ஓட்ட நேரத்தில் சேராது. ஆனால் வெற்றியைத் தீர்மானிப்பதில் அதற்குப் பங்குண்டு. 0.05 வினாடியில் புறப்பட்டு 12.20 வினாடியில் ஓடும் கார், 0.25 வினாடியில் புறப்பட்டு 12.05 வினாடியில் ஓடும் காரை 0.05 வினாடி வேறுபாட்டில் வெல்லும். கியர் மாற்றும் தருணமும் கிளட்சைக் கையாளும் விதமும் ஓட்ட நேரத்தையே மாற்றுபவை.

காரணத்தைக் கண்டறிதல்

இலக்குக் கோட்டு வேகம் பெரும்பாலும் திறனுக்கும் எடைக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுகிறது. 60 அடி நேரம் புறப்பாட்டின் தரத்தைக் காட்டுகிறது. இரு கார்களின் இறுதி வேகம் சமமாக இருந்து ஓட்ட நேரம் மட்டும் வேறுபட்டால், குறை பெரும்பாலும் பிடிமானத்திலோ ஓட்டும் முறையிலோ இருக்கும். அந்நிலையில் எஞ்சினுக்கு மேலும் பணம் செலவிடுவது பயன் தராது. சக்கரச் சுழற்சியை அதிகரிக்கவும் கூடும். ஒரே நாளில் இரு கார்களின் இறுதி வேகமே வேறுபட்டால் எஞ்சினையும் எடையையும் சோதிக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதே பாதையில் மீண்டும் ஓட்டிப் பார்த்தால் எந்த மாற்றம் பயன் தந்தது என்பது தெளிவாகும்.