ஆய்முனைக்கு எந்த மின்தேக்கி?

டிரான்சிஸ்டர் வானொலி ஒன்று ஊமையாகிவிட்டது. ஒலிப்பகுதியில் பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பது எப்படி? ஒரு சிறு பெருக்கியின் எர்த் கம்பியை வானொலியின் எர்த்துடன் இணைத்து, உள்ளீட்டுக் கம்பியின் முனையால் சுற்றைப் படிப்படியாகத் தொட்டுச் செல்லுங்கள். எந்த இடத்தில் ஒலி நின்றுபோகிறதோ, அதற்குச் சற்று முன்னால்தான் பழுது. தொடும் அந்த முனையே ஆய்முனை.

ஆனால் கம்பியை நேராக இணைக்கக் கூடாது. டிரான்சிஸ்டரின் கலெக்டரில் பாட்டரியிலிருந்து வரும் மாறாத மின்னழுத்தமும், ஒலிச் சைகையும் கலந்தே உள்ளன. நமக்குச் சைகை மட்டும் போதும். இரண்டையும் பிரிக்கும் சல்லடைதான் மின்தேக்கி. நேர்த்திசை மின்னோட்டத்தை அது தடுக்கும். மாறுதிசை மின்னோட்டத்தை விடும்.

எவ்வளவு விடும்? அதிர்வெண் குறையக் குறைய மின்தேக்கியின் மறுப்பு கூடும். 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் மறுப்பு 1000 ஹெர்ட்சில் சுமார் 1,600 ஓம். 100 ஹெர்ட்சில் 16,000 ஓம். பெருக்கியின் உள்ளீட்டுத் தடை 10,000 ஓம் எனக் கொள்வோம். 160 ஹெர்ட்சுக்குக் கீழே சைகை மெலியத் தொடங்கும். தடை 1,00,000 ஓம் என்றால் இந்த எல்லை 16 ஹெர்ட்சுக்கு இறங்கிவிடும். பழுது தேடுபவருக்குப் பேச்சு தெளிவாகக் கேட்டால் போதுமல்லவா? எனவே 0.1 மைக்ரோஃபாரடே பொருத்தம்.

"10 மைக்ரோஃபாரட் போட்டால் இன்னும் நன்றாகக் கேட்குமே!" என்பார் ஒரு மாணவர். தொட்ட கணத்தில் மின்தேக்கி வெறுமையாக இருக்கிறது. அது நிரம்பும்வரை மின்னழுத்தம் பெருக்கியின் மீதே விழும். 10,000 ஓம் தடையில் இந்தத் தாக்குதல் 0.1 மைக்ரோஃபாரடுக்கு ஆயிரத்தில் ஒரு நொடி அளவே. 10 மைக்ரோஃபாரடுக்கோ அதைப்போல நூறு மடங்கு! மேலும், பெரிய மின்தேக்கிகள் பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் வகை. அவற்றின் நேர், எதிர் முனைகளை மாற்றித் தொட்டால் கெட்டுவிடும். பாலியெஸ்டர் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து, மின்தேக்கியின் மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவைப் பாருங்கள். 9 வோல்ட் வானொலிக்கு 50 வோல்ட் வகை தாராளம். பழைய வால்வு வானொலிகளில் 250 வோல்ட்டும் இருக்கலாம். அங்கே 50 வோல்ட் மின்தேக்கி துளைபட்டு, அழுத்தம் முழுவதும் பெருக்கிக்குள் புகும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நேரே வீட்டு மின்சாரத்தில் ஓடும் பெட்டிகளில் சேசிஸிலேயே 230 வோல்ட் இருக்கக்கூடும். எர்த் கம்பியின் வழியில் மின்தேக்கி இல்லை என்பதை மறவாதீர்கள்! அத்தகைய பெட்டியில் எந்த மின்தேக்கியும் உங்களைக் காப்பாற்றாது. பாட்டரியில் ஓடும் வானொலிகளோடு மட்டும் பழகுங்கள்.