பிடித்த மீனைத் திரும்ப விடும் வியாபாரம்

காவிரிக் கரை மகசீர் முகாம்களின் பேரேடு சொல்லும் பாடம்

விற்ற சரக்கு விற்ற இடத்திலேயே இருக்க வேண்டும். அடுத்த மாதம் அதையே இன்னொருவருக்கு விற்க வேண்டும். அதற்கடுத்த ஆண்டு அது எடை கூடி, முன்னைவிட நல்ல விலைக்குப் போக வேண்டும். இப்படியும் ஒரு வியாபாரம் உண்டா என்று நம் மளிகைக் கடைக்காரர்கள் கேட்கலாம். உண்டு. அது நமக்குத் தூரத்து ஊரிலும் நடக்கவில்லை. ஒகேனக்கல்லுக்கு மேலே, கர்நாடகக் காடுகளின் நடுவே ஓடிவரும் காவிரியில்தான் பல ஆண்டுகள் நடந்தது. அந்த வியாபாரம் வளர்ந்த விதமும், அது நின்றுபோன விதமும், அதன் கணக்குப் புத்தகம் கடைசியில் வெளிப்படுத்திய உண்மையும் வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

எது சரக்கு?

மகசீர் என்பது கெண்டை இனத்தைச் சேர்ந்த பெரிய ஆற்று மீன். காவிரியில் இருக்கும் மகசீருக்கு முதுகு திமில்போல் உயர்ந்திருக்கும், செதில்கள் பெரியவை, துடுப்புகளில் செம்மஞ்சள் நிறம் படர்ந்திருக்கும். வாயில் பல் கிடையாது. ஆனால் தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டையும் நத்தையையும் நொறுக்கிவிடும். பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடங்கள்தான் அதற்குப் பிடித்தவை. தூண்டிலில் மாட்டிக்கொண்டால் அந்த நீரோட்டத்தின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு ஓடும். இரும்புக் கொக்கியை நிமிர்த்திவிட்டுப் போய்விடும் என்பார்கள், தூண்டில் பிடித்தவர்கள்.

இந்த மீனின் புகழ் நேற்று வந்ததன்று. சென்னை மாகாண சிவில் சர்வீசில் இருந்த எச். எஸ். தாமஸ் என்ற ஆங்கில அதிகாரி, இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873-இலேயே ஒரு முழுப் புத்தகம் எழுதி வெளியிட்டார். 1921-இல் மைசூர்ப் பகுதியில் 119 பவுண்டு மகசீர் ஒன்று பிடிபட்டது. 1946-இல், மைசூரில் வேட்டை விலங்குகளைப் பாடம் செய்து புகழ்பெற்ற வான் இன்ஜென் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், கபினி ஆற்றில் 120 பவுண்டு மகசீரைப் பிடித்தார். நம் கணக்கில் 54 கிலோவுக்கு மேல். அதாவது ஒரு அரிசி மூட்டையின் எடை!

சுதந்திரத்துக்குப் பிறகு வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் இந்த மீனை ஏறக்குறைய மறந்தே போனார்கள். 1970-களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழு காவிரியில் மறுபடியும் பெரிய மகசீர்களைப் பிடித்துக் காட்டியது. அதற்குப் பிறகுதான் கூட்டம் வரத் தொடங்கியது.

யார் வாடிக்கையாளர்?

சிவசமுத்திரம் அருவிக்குக் கீழே பீமேஸ்வரி, தொட்டமக்களி, காலிபோரே ஆகிய இடங்களில் கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் தூண்டில் முகாம்களை நடத்தியது. தென்னிந்திய வனவிலங்குச் சங்கமும் ஆற்றின் ஒரு பகுதியைப் பொறுப்பில் எடுத்துக் காவல் வைத்துத் தன் உறுப்பினர்களுக்குத் தூண்டில் போட இடம் தந்தது. மழை ஓய்ந்து நீர் தெளிந்த பிறகு, கோடை முற்றும்வரை பருவம்.

இங்கே வந்தவர்களில் பெரும்பாலோர் புதியவர்கள் அல்லர். பல நாட்டு ஆறுகளிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். நல்ல கம்பு, நல்ல நரம்பு, நல்ல சுருள் எல்லாம் அவர்களே கொண்டுவருவார்கள். அப்படிப்பட்டவருக்கு முகாம் எதை விற்றது? தங்குவதற்குக் கூடாரமும் மூன்று வேளைச் சாப்பாடும் மட்டுமா? அவை பெங்களூரிலேயே இதைவிட வசதியாகக் கிடைக்குமே!

முகாம் விற்றது வழிகாட்டியின் அறிவை. எந்தப் பாறைக்குப் பின்னால் மீன் நிற்கும், விடியற்காலையில் எங்கே மேயும், நீர் ஒரு சாண் ஏறினால் எங்கே நகரும் என்பதெல்லாம் அந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்தவருக்குத்தான் தெரியும். மீன் மாட்டிக்கொண்டு நரம்பு பாறையில் சிக்கினால், பரிசலைத் தள்ளிக்கொண்டு சுழலுக்குள் போய் அதை விடுவிப்பவரும் அவர்தான். எந்த மணலில் முதலை படுத்திருக்கும், எந்த நேரத்தில் யானை தண்ணீருக்கு இறங்கும் என்று சொல்லி, விருந்தினரை முழு உடலோடு திருப்பி அனுப்பும் பொறுப்பும் அவருடையதே.

விவரம் தெரிந்த வாடிக்கையாளர் வரும்போது நம்மில் பலர் தயங்குகிறோம். "இவரிடம் என்ன பேசி விற்பது" என்று. அந்த வழிகாட்டிகள் பேசி விற்கவில்லை. வந்தவருக்குத் தெரியாத ஒன்று தமக்குத் தெரியும் என்பதை வேலையில் காட்டினார்கள். வந்தவர் மறு ஆண்டு அதே வழிகாட்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தார்.

இந்த வழிகாட்டிகளில் சிலர் முன்பு அதே ஆற்றில் திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. மீனைக் கொன்று விற்றால் ஒருநாள் கூலி. உயிரோடு காத்தால் பருவம் முழுவதும் சம்பளம் என்று தெரிந்தபோது, திருடத் தெரிந்தவர்களே காவல்காரர்கள் ஆனார்கள்.

தூண்டிலில் நம் ராகி

வெளிநாட்டுக்காரர் விலையுயர்ந்த கருவியோடு வந்தாலும், கொக்கியில் குத்தப்பட்டது பெரும்பாலும் நம் கடைச் சரக்குதான். அது ராகி மாவு! மாவைத் தண்ணீர் விட்டு இறுகப் பிசைந்து, எலுமிச்சை அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ உருட்டி, கொதிநீரில் வேகவைப்பார்கள். வெந்ததும் அது ரப்பர்போல் கெட்டியாகிவிடும். சின்ன மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது. பெரிய மகசீர் மட்டுமே ஒரே வாயில் விழுங்கும். வாசனைக்காகச் சில மசாலாச் சாமான்களைச் சேர்ப்பதும் உண்டு. என்ன சேர்த்தார்கள், எவ்வளவு சேர்த்தார்கள் என்பது ஒவ்வொரு வழிகாட்டியின் தனி இரகசியம். நம் ஊர்களில் சாம்பார்ப்பொடி அரைப்பவர் எல்லாவற்றையும் வெளியே சொல்லிவிடுகிறாரா என்ன?

பிடித்தால் விட வேண்டும்

இந்த முகாம்களின் முதல் சட்டம் ஒன்றே. பிடித்த மீனைக் கொல்லக் கூடாது. எடை பார்க்கலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அது மூச்சு தெளியும்வரை ஓடும் நீரில் தாங்கிப் பிடித்து, தானாக நீந்திப் போகும்படி விட்டுவிட வேண்டும்.

மீன் சந்தையில் கிலோ கணக்கில் ஒரே ஒருமுறை விலைபோகும் மீன், இங்கே உயிரோடு இருக்கும்வரை வருமானம் தந்தது. முகாமுக்கும் வருமானம், வழிகாட்டிக்கும் சம்பளம், பரிசல்காரருக்கும் சமையல்காரருக்கும் வேலை, பக்கத்து ஊர்க் கடைகளுக்கும் வியாபாரம். முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

பேரேடு காட்டிய உண்மை

நமக்கு மிகவும் வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. காலிபோரே முகாமில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. இன்று எத்தனை மணி நேரம் தூண்டில் போடப்பட்டது, எத்தனை மீன் சிக்கியது, ஒவ்வொன்றும் என்ன எடை என்று எழுதிவைத்தார்கள். நாம் நாள்வழிக் கணக்கு எழுதுவதைப்போல. "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்ற பழமொழியை அவர்கள் சொல்லுக்குச் சொல் நடத்திக் காட்டினார்கள்.

1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட இந்தக் குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன் ஆகியோர் அடங்கிய ஆய்வுக் குழு எடுத்துக் கணக்குப் பார்த்து 2015-இல் வெளியிட்டது. மொத்தம் 23,620 மணி நேரம் தூண்டில், 6,161 மகசீர்கள். ஏறத்தாழ நான்கு மணி நேரத்துக்கு ஒரு மீன். அவற்றில் மிகப் பெரியது 104 பவுண்டு.

ஆண்டுக்கு ஆண்டு பிடிபட்ட மீன்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் மகிழ்ச்சிதான். ஆனால் சராசரி எடை குறைந்துகொண்டே வந்தது. ஏன் என்று பிரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஆற்றில் இரண்டு வகை மகசீர் இருந்தன. ஒன்று, காவிரிக்கே உரிய திமில் முதுகு மகசீர். மற்றொன்று, நீலத் துடுப்பு மகசீர். இது மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தார் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்து பல மாநிலங்களுக்கும் தந்த வகை. மீன் வளத்தைப் பெருக்கும் நல்லெண்ணத்தோடுதான் அந்தக் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. வந்தது பெருகியது, இருந்தது தேய்ந்தது.

கடையில் விற்பனைத் தொகை கூடுகிறது என்று மகிழ்ந்திருப்போம். ஆனால் இலாபம் தரும் பழைய நல்ல சரக்கு நின்றுபோய், மலிவுச் சரக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது. சரக்குவாரியாகக் கணக்கு எழுதுபவருக்குத்தான் தெரியும். எடையை எழுதாமல் எண்ணிக்கையை மட்டும் எழுதியிருந்தால், காவிரியின் சொந்த மீன் குறைந்து வருவதை அந்த முகாமின் கணக்கிலிருந்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

முகாம் மூடிய பிறகு

அந்த ஆற்றுப் பகுதி 1987-இல் அறிவிக்கப்பட்ட காவிரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டு உயிரைப் பிடிப்பதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. ஆகவே பிடித்து விட்டாலும் சரணாலயத்துக்குள் தூண்டில் கூடாது என்ற நிலை வந்தது. 2012-க்குள் அங்கே தூண்டில் நின்றது. பீமேஸ்வரியும் காலிபோரேயும் இன்று இயற்கையைப் பார்க்க வருவோருக்கான முகாம்கள்.

சட்டத்தின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. சரணாலயம் என்றால் எல்லா உயிருக்கும் அடைக்கலம். மானுக்கு ஒரு நீதி, மீனுக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது என்பது ஒரு வாதம். ஆனால் மேற்சொன்ன ஆய்வாளர்கள் இன்னொரு பக்கத்தையும் எடுத்துக்காட்டினார்கள். தூண்டில்காரரும் வழிகாட்டியும் நாள் முழுவதும் கரையில் இருந்தவரை வெடி வைத்து மீன் பிடிப்பவர்களுக்கு அச்சம் இருந்தது. அந்தக் கண்கள் அகன்றபோது ஆற்றுக்குக் காவல் குறைந்தது என்பது அவர்கள் வாதம். பருவச் சம்பளத்தை நம்பியிருந்த வழிகாட்டிகளும் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

நூறாண்டுக்கு மேலாக உலகப் புகழ் பெற்ற இந்தத் திமில் முதுகு மகசீருக்குச் சரியான அறிவியல் பெயர்கூட 2018 வரை உறுதியாகவில்லை என்பது வியப்பான செய்தி. கேரளத்தின் பாம்பாற்றில் 2007-இல் விவரிக்கப்பட்ட டார் ரேமாதேவி என்ற இனமே இது என்று அந்த ஆண்டில்தான் நிறுவப்பட்டது. பாம்பாறும் காவிரிக்கு நீர் சேர்க்கும் ஆறுதான். அதே 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்த மீனை மிக மோசமாக அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பெயர் எழுதிய கையோடு ஆபத்துப் பட்டியலிலும் எழுத வேண்டியதாயிற்று! நீலகிரி அடிவாரத்தில் ஓடும் நம் மாயாற்றில் இந்த இனம் இன்னும் இருக்கிறது என்பது ஆறுதல்.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

மீனுக்கும் மளிகைக் கடைக்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட வேண்டாம். தென்னாட்டு ஆறுகள் சிலவற்றில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி மீன் பிடிக்கும் தீய வழக்கம் இருக்கிறது. மடுவில் உள்ள குஞ்சு, முட்டை, நண்டு அனைத்தும் அத்தோடு சரி. அந்தத் தண்ணீரைத்தான் கீழே உள்ள ஊர் குடிக்கிறது. பிளீச்சிங் பவுடர் எங்கிருந்து போகிறது? நம் கடைகளிலிருந்துதான். வீட்டுக்கு ஒரு கிலோ, கிணற்றுக்கு இரண்டு கிலோ கேட்பது இயல்பு. ஆற்றோர ஊர்களில், கோடையில் நீர் வற்றி மடுக்களாக நிற்கும் நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவர் மூட்டையாகக் கேட்டால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்பதில் தவறில்லை. பதில் சரியில்லை என்றால் "சரக்கு இல்லை" என்று சொல்வதிலும் தவறில்லை. ஒரு மூட்டையில் கிடைக்கும் இலாபம் நம்மை வாழ வைத்துவிடாது.

அதேபோல் நம் கணக்குப் புத்தகத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். மொத்த விற்பனையோடு நிறுத்தாமல், எந்தச் சரக்கு ஏறுகிறது, எது தேய்கிறது, பழைய வாடிக்கையாளர்களில் யார் யார் வருவதை நிறுத்திவிட்டார்கள் என்று தனித்தனியே எழுதிப் பார்க்கட்டும். காலிபோரே முகாமில் அன்றாடம் எழுதியவர்கள் ஆராய்ச்சிக்காக எழுதவில்லை. தொழில் ஒழுங்குக்காக எழுதினார்கள். அந்த ஒழுங்குதான் ஓர் ஆற்றின் நிலையை உலகுக்குச் சொன்னது. நாள் தவறாமல் எழுதிய கணக்கு, எழுதியவர் நினைத்ததைவிட அதிகமானவர்களுக்குப் பயன்படும்.