6.32 கோடிப் பேர், ஐந்து கேள்விகள்

2004-05இல் இந்தியாவின் ஏழைகள் 30.17 கோடிப் பேர். அதே ஆண்டில், அதே 1,24,644 வீடுகளில் எடுத்த அதே தேசிய மாதிரி ஆய்வின்படி 23.85 கோடிப் பேர். இரண்டுமே திட்டக் குழு வெளியிட்ட எண்கள்தாம். வித்தியாசம் 6.32 கோடி, 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 6.24 கோடி.

இத்தனை பேரை வறுமைக் கோட்டுக்கு மேலும் கீழும் நகர்த்தியவை ஐந்து செலவுகள்: துணி, செருப்பு, படிப்பு, ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்த்த வைத்தியம், நாள்பட உழைக்கும் சாமான்கள். ‘கடந்த 30 நாளில் எவ்வளவு?’ என்று கேட்டால் வறுமை 27.5 விழுக்காடு. 365 நாளுக்குக் கேட்டு மாதத்துக்கு வகுத்தால் 21.8. தீபாவளிக்கு மட்டும் துணி எடுக்கும் வீட்டில் ஆடி மாதம் போய்க் கேட்டால் துணிச் செலவு சுழியம்தான். கிராமத்தில் அன்றைய கோடு, ஆளுக்கு மாதம் 356.30 ரூபாய். அவ்வளவு தாழ்வான கோட்டருகே ஒரு சேலையின் விலையும் கணக்கை மாற்றிவிடும்.

சாப்பாட்டுச் செலவில் சிக்கல் இன்னும் ஆழமானது. மாதக் கணக்கு கேட்டால் மறதி. வாரக் கணக்கு கேட்டால் பத்து நாளைக்கு முன் வாங்கிய எண்ணெயும் உள்ளே வந்துவிடும். இந்த ஆய்வின் 1994-98 சோதனைச் சுற்றுகளில் உணவுக்கு 7 நாள் கணக்கு கேட்டபோது வறுமை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1999-2000இல் 1,20,309 வீடுகளில் 7 நாளையும் 30 நாளையும் ஒரே படிவத்தில் அடுத்தடுத்த கட்டங்களில் வைத்தார்கள். ஒரு பதில் மற்றதைத் தன் பக்கம் இழுத்தது. 1993-94இல் 36ஆக இருந்த வறுமை 26.1 விழுக்காடு ஆனது. கிராமத்துக்கு அரசு சொன்னது 27.1, பொருளியலறிஞர் ஆங்கஸ் டீட்டன் திருத்திக் கண்டது 30.2. கணக்கெடுத்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 300க்கு மேற்பட்ட பொருள்களை வரிசையாகக் கேட்டால், வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பதில் சொல்பவருக்கு எது நினைவில் நிற்கும்?

2022-23இல் ஒரே வீட்டுக்கு மூன்று முறை போனார்கள், 2,61,746 வீடுகள். சலிப்பு குறையும், நல்ல மாற்றம். ஆனால் 2011-12இல் ஒரே முறை போய்க் கேட்ட கணக்கோடு இதை அப்படியே ஒப்பிட முடியாது. இடையில் எடுத்த 2017-18 சுற்றின் முடிவுகளையும் 2019இல் நிறுத்திவைத்துவிட்டார்கள். முறையை மாற்றும்போதெல்லாம், மாதிரியில் ஒரு பங்கு வீடுகளிலாவது பழைய முறையிலேயே கேட்டிருக்க வேண்டும்.