தொக்கம் என்றால் சிரிக்காதீர்கள், டாக்டர்!

திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பிரசவச் சிக்கல்கள். ஐடா ஸ்கடரின் அப்பா டாக்டர்தான், வீட்டிலேயே இருந்தார். ஆனால் உதவி கேட்டு வந்த கணவர்கள் ஆண் மருத்துவரை அனுமதிக்க மறுத்துவிட்டார்கள். மருத்துவம் படிக்காத ஐடாவால் எதுவும் செய்ய முடியவில்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன்பின் அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா, 1918இல் வேலூரில் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் இன்றைய சி.எம்.சி. கல்லூரி.

அங்கே முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி, வீடு வீடாகப் போய் விசாரிக்கும் வழக்கம் உண்டு. 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் நாடு முழுக்க ‘குடும்பத் தத்தெடுப்பு’த் திட்டத்தைக் கொண்டுவந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர் ஒவ்வொருவரும் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

நல்ல ஏற்பாடு. ஆனால், போய் என்ன கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குழந்தைக்கு இரண்டு நாளாக வாந்தி என்று வைத்துக்கொள்வோம். “தொக்கம் எடுத்தாச்சுப்பா” என்பார் பாட்டி. வயிற்றில் சிக்கியதை வெளியே எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம் அது. மாணவர் சிரித்துவிட்டால் கதை முடிந்தது. அடுத்த முறை வாசலோடு பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். “எடுத்த பிறகு வாந்தி நின்னுச்சா பாட்டி? பால் குடிக்குதா? ஒண்ணுக்குப் போகுதா?” என்று கேட்டால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கும் அந்த வீட்டில் இடம் கிடைக்கும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டச் சொல்லவில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் நோயாளிக்கு மூச்சு வாங்கினால், ‘ஆத்தா இறங்கட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்லத்தான் வேண்டும். முன்பே திண்ணையில் உட்கார்ந்து பேசியவர் சொன்னால் அது எடுபடும். அப்புறம், இன்னொன்று: அறுபது வயதுக்காரரை ‘நீ, வா, போ’ என்று பேசும் பழக்கம். இது பெரும்பாலும் ஏழைகளிடமும் ஒடுக்கப்பட்ட சாதியினரிடமும்தான் நீள்கிறது. சீனியர்களைப் பார்த்தே மாணவர்கள் இதையும் கற்கிறார்கள். இதற்குத் தனிப் பாடத்திட்டம் வேண்டாம்; பேராசிரியர் தன் ஓ.பி.யில் மரியாதையாகப் பேசினால் போதும்.

லாக் புக்கில் ரத்த அழுத்தத்தை எழுதிக் கையெழுத்து வாங்குவதோடு திட்டம் முடிந்துவிடக் கூடாது. பேராசிரியர்களே, வைவாவில் ஒரு கேள்வி சேருங்கள்: “உன் குடும்பங்களில் யாராவது மாத்திரையை நிறுத்தியிருக்கிறார்களா, ஏன்?” அதற்கும் மதிப்பெண் கொடுங்கள்.