அணு உலைக்குள் ஒரு பாதாளக் கரண்டி!

பாதாளக் கரண்டி தெரியுமா உங்களுக்கு? கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற இரும்புச் சமாசாரம். வளையத்தைச் சுற்றிக் கொக்கிகள் தொங்கும். கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்குத் தெரியாத வாளியைக் கை உணர்ச்சியாலேயே துழாவ வேண்டும். எங்கள் தெருவில் அது இருந்த ஒரே வீடு பாட்டி வீடு. இரவல் கேட்டு வருகிறவர்கள் ஒரு சொம்பை அடகு வைத்துவிட்டுத்தான் எடுத்துப் போக முடியும்!

எனக்கு எட்டு வயதில் ஒரு விபரீதம். வாளியைத் தேடப்போன கரண்டியே முடிச்சு அவிழ்ந்து 'தொபுக்கடீர்!' "நான் இறங்கி எடுக்கட்டுமா பாட்டி?" என்று வீராவேசமாக டிராயரை இறுக்கினேன். காதைத் திருகிவிட்டுப் பாட்டி சொன்னாள்: "கரண்டி போனா இன்னொண்ணு வாங்கிக்கலாம்டா. நீ போனா?"

நான் படித்தது பி.காம். அணுவுக்கும் எனக்கும் உள்ள உறவு, கரண்ட் பில் கட்டுவதோடு சரி. ஆனால், அணு உலைகளை எப்படி ரிப்பேர் பார்க்கிறார்கள் என்று படிக்கப் படிக்கப் பாட்டிதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

நம்ம கல்பாக்கத்தில் இருக்கிற கனநீர் உலை ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் உலைக்குள் 306 குழாய்கள் படுக்கை வசத்தில் இருக்கும். எரிபொருள் அதற்குள்தான். வருஷக்கணக்கில் சூடும் கதிர்வீச்சும் பட்டுக் குழாய் நீளும், தொய்யும். தொய்ந்துபோய் வெளிக்குழாயைத் தொடுகிறதா, சுவர் மெலிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்த்தாக வேண்டும். மனிதன் தலையை நீட்டிப் பார்க்கிற இடமா அது? அதற்கென்றே பாபா அணு ஆராய்ச்சி மையம் 'பார்சிஸ்' என்ற கருவியை உருவாக்கியது. அது குழாய்க்குள் போய்க் கேளா ஒலியால் தடவிப் பார்த்துச் சேதி சொல்லும். ஆட்கள் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொள்வார்கள்.

இது ஒழுங்காக இருக்கிற உலை. உருகிப்போன உலை என்றால்?

ஜப்பானின் ஃபுகுஷிமாவில், 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு மூன்று உலைகளின் எரிபொருள் உருகிக் கட்டிதட்டிப் போனது. உருகிக் கலந்தது மொத்தம் சுமார் 880 டன் என்று மதிப்பீடு. எடுக்கவேண்டியது இதைத்தான்!

'குயின்ஸ்' என்ற ரோபோ இரண்டாவது உலைக் கட்டடத்துக்குள் போனது. 2011 அக்டோபரில் அதன் கேபிள் சிக்கிக்கொள்ள, அங்கேயே நின்றுவிட்டது. 2017 பிப்ரவரியில் அதே உலைக்குள் இன்னொன்று போனது. வாலைத் தூக்கிப் பார்ப்பதால் அதற்கு 'தேள்' என்று செல்லப்பெயர். பாதி வழியில் அதுவும் மாட்டிக்கொண்டு தோல்வி. கரண்டி கிணற்றோடு போச்சு!

2024 ஆகஸ்டில் 22 மீட்டர் வரை நீளும் தூண்டில் மாதிரி ஒரு கருவியைக் கொண்டுவந்தார்கள். முதல் நாளே வேலை நின்றது. கதிர்வீச்சா? இல்லை ஸார். கருவியைத் தள்ளுகிற ஐந்து குழாய்களை வரிசை மாற்றி அடுக்கிவிட்டார்கள்! செப்டம்பரில் கேமரா கண்ணை மூடிக்கொண்டது. அதை மாற்றி, மறுபடி இறக்கி, நவம்பரில் ஒருவழியாக வெளியே வந்தது... 0.7 கிராம். ஐந்தாறு குண்டுமணி எடை.

பி.காம். மூளை சும்மா இருக்குமா? 880 டன்னை 0.7 கிராமால் வகுத்தேன். இதே மாதிரி சுமார் 125 கோடி தடவை தூண்டில் போடவேண்டும்! பதிமூன்று வருஷத்தில் வரவு 0.7 கிராம் என்று பேரேடு எழுதினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார் என்று சிரிப்பு வந்தது.

செர்னோபில் பற்றிப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. 1986-ல், அன்றைய சோவியத் யூனியனில், உலை வெடித்துக் கூரை முழுக்கக் கதிரியக்கக் கட்டிகள். அள்ளுவதற்கு ரோபோக்களை அனுப்பினார்கள். கதிர்வீச்சு தாங்காமல் அவை மக்கர் செய்தன. அடுத்து அனுப்பியது மனிதர்களை. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். உடம்பில் ஈயத் தகடு, கையில் மண்வாரி. ஆளுக்கு ஓரிரு நிமிஷம் அள்ளிப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். அவர்களுக்கு வைத்த பெயர் 'உயிர் ரோபோக்கள்'.

'தேள்' மாட்டிக்கொண்டதைத் தோல்வி என்று மேலே எழுதியிருக்கிறேன், பாருங்கள். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அங்கே மாட்டிக்கொண்டது இரும்பு. யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை. 0.7 கிராமுக்குப் பதிமூன்று வருஷமா என்றால், ஆமாம், ஆகட்டுமே! ஆனால், எவ்வளவு கெட்டிக்கார ரோபோவாக இருந்தாலும் குழாயை வரிசையாக அடுக்குவது மனிதன்தான். அதில் மட்டும் அவசரம் கூடாது.

பாட்டி அடுத்த சந்தையிலேயே புதுக் கரண்டி வாங்கிவிட்டாள். இந்தத் தடவை யாரையும் தொட விடவில்லை. அவளே உட்கார்ந்து கயிற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இறுக்கினாள்.

"எதுக்குப் பாட்டி மூணு?"

"கல்யாணத்துக்கே மூணு முடிச்சுப் போடறாங்க. கிணத்துக்கு வேண்டாமாடா?"